எங்க ஊட்டில் கெட்ட கேஸ் லைட்டு

எஸ்டேட் ஆளுங்க குடியிருக்கிற எங்க லைனில் பத்து ஊடு. பொதுச் சாமான் மூணு. ஒரு பெரிய அண்டா, ஒரு ஜமக்காளம், ஒரு கேஸ் லைட்டு. சீமெண்ணெய் ஊத்தி, பம்பில் காத்தடிச்சு எரிய வைக்கிற பித்தளை லைட்டு. டவுனில் பெட்ரோமாக்ஸ் என்பாங்க.

இந்த மூணும் ஒரு ஊட்டில் ஒரு வருசம் இருக்கும். தை ஒண்ணாந்தேதி விடியக்காலை, பொங்கப் பானை அடுப்பில் ஏறுவதற்கு முன்னால், அடுத்த ஊட்டுக்குக் கை மாறும். வாங்குகிறவங்க சும்மா வாங்க மாட்டாங்க. அண்டாவில் தண்ணீர் ரொப்பி ஒழுகுதா பார்ப்பாங்க. ஜமக்காளத்தை விரிச்சு ஓட்டை எண்ணுவாங்க. லைட்டை எல்லார் முன்னாலும் எரிய வெச்சுக் காட்டணும். கொடுக்கிற ஊட்டு ஆம்பளை அதைத் தன் கையால் தூக்கிக்கொண்டு போய் வைக்கணும். யார் போட்ட சட்டமோ தெரியாது. நான் கல்யாணமாகி நாகலூர்ப் பக்கம் இந்த எஸ்டேட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

பத்து ஊடு என்றால் பத்து வருசத்துக்கு ஒருக்கா முறை. போன முறை எங்களிடம் வந்தபோது லைட்டு எரிந்தது. எங்களிடமிருந்து போனபோது எரியவில்லை.

அந்த வருசம் மார்கழியில் பக்கத்து ஊட்டுப் பெரியவர் இறந்து போனார். பக்கத்து ஊட்டு அக்காவுக்கு மாமனார். விடியக்காலை நாலரை இருக்கும். மரம் விழுந்து கம்பி அறுந்து மூணு நாளாகக் கரண்டு இல்லை. லைட்டைக் கொண்டு வரச் சொல்லி ஆள் வந்தது. எங்க ஊட்டுக்காரர் எடுத்துப்போய் வெச்சுப் பம்பு அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். காத்து ஏறவில்லை. பம்புக் கம்பி வளைந்ததுதான் மிச்சம். பெரியவரை வாசலில் கிடத்தி, ஒரு அகல் வெளக்கை வெச்சுக்கொண்டு, விடியும்வரை பனிக்குள் உட்கார்ந்திருந்தாங்க. கடைசியாக முகம் பார்க்க வந்தவங்களுக்கு முகம் தெரியவில்லை.

அடுத்த தை ஒண்ணில் லைட்டு அந்த ஊட்டுக்கே போகணும். முறை அது. சாவு விழுந்த ஊடு, அவங்களுக்குப் பொங்கல் இல்லை. சாமானை மட்டும் வாங்கிக்கொண்டாங்க. எங்க ஊட்டுக்காரர் எரியாத லைட்டைத் தூக்கிப்போய் வெச்சார். அக்கா அதைத் தொடவில்லை. "வெச்சுட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாங்க.

அதுக்கப்புறம் லைட்டு ஒவ்வொரு ஊடாகப் போனது. எரியாமலே போனது. ஒவ்வொரு தை ஒண்ணிலும் யாராவது ஒருத்தர் சொல்லுவாங்க, "அது எரியாதுங்க, அவங்க ஊட்ல கெட்டது" என்று. கோவமாகச் சொன்னதில்லை. அண்டாவில் நெளிவு இருக்கு, ஜமக்காளத்தில் ஏழு ஓட்டை இருக்கு என்கிற மாதிரி, அதையும் ஒரு கணக்காகச் சொல்லுவாங்க. எங்க ஊட்டுக்காரர் தை ஒண்ணு விடிவதற்குள் பல்பர் ஹவுசுக்குப் போய்விடுவார். காப்பிப் பழத் தோல் எடுக்கிற மெசினில் அவருக்கு வேலை. பொங்கல் அன்றைக்கு மெசின் ஓடாது. அது எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை.

போன தையில் முறை சுத்தி எங்க ஊட்டுக்கே வந்தது. கொடுத்த ஊட்டு ஆம்பளை கொண்டு வந்ததை நானே வாங்கிப் பரண் மேல் வெச்சேன்.

பக்கத்து ஊட்டு அக்கா கெட்டவங்க இல்லை. வாய் மட்டும் நிற்காது. பழம் பறிக்கிறபோது பக்கத்து வரிசையிலிருந்து ஏதாவது சொல்லிக்கொண்டே வருவாங்க.

"ஏம்புள்ள, அந்த லைட்டக் கவுத்து வெச்சின்னா கோழிக்குஞ்சு அடைக்கலாம். கண்ணாடி வெச்ச ஊடு. நம்மளுக்கே இல்லை."

எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். வேறென்ன செய்வது.

புரட்டாசியில் ஒரு நாள் சாப்பிடும்போது எங்க ஊட்டுக்காரர் சொன்னார், வர்ற பொங்கலுக்கு ஆத்தூரில் தங்கச்சி ஊட்டுக்குப் போகிறேன், நீயே சாமானைக் கொடுத்துவிடு என்று. ஆம்பளைதான் தூக்கணும் என்றேன். யாராவது தூக்கட்டும் என்றார். தட்டைக் கழுவி வெச்சுவிட்டு வெளியே போனார். தங்கச்சி ஊட்டுக்கு அவர் ஒரு பொங்கலுக்கும் போனதில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நான் லைட்டைப் பரணிலிருந்து இறக்கினேன்.

எங்களுக்குக் கரண்டு இருக்கு. செல்போனில் லைட்டு இருக்கு. வெளிச்சத்துக்காக நான் அதை இறக்கவில்லை. அந்தப் பேச்சை நிறுத்தணும். அந்த மனுசன் தை ஒண்ணில் எல்லாரோடும் நிற்கணும். அதுக்கு அது எரியணும். அவ்வளவுதான்.

நான் மூணாவது வரை படிச்சவள். மெசின் வேலை தெரியாது. ஆனால் பம்பு ஸ்டவ்வில் இருபது வருசம் சமைச்சிருக்கிறேன். இதுவும் அதே சங்கதிதான் என்று தோணியது. டேங்கில் எண்ணெய், பம்பில் காத்து. காத்து நெருக்கினால் எண்ணெய் குழாயில் ஏறும். சூட்டில் ஆவியாகி நிப்பிள் என்கிற ஊசி ஓட்டை வழியாகப் பீச்சும். ஸ்டவ்வில் அது கீழேயிருந்து மேலே எரியும். இதில் மேண்டில் என்கிற வலைப்பைக்குள் எரியும்.

ஒவ்வொன்றாகக் கழட்டினேன். கழட்டின வரிசையிலேயே சுளகில் பரப்பினேன், பூட்டும்போது மாறாமல் இருக்க. கண்ணாடி ஒரு பக்கம் விரிசல். நிப்பிள் அடைப்பு. பம்புக் கம்பி வளைவு. கம்பி நுனியில் இருந்த தோல் வாஷர் காய்ந்த புளியந்தோல் மாதிரி சுருண்டு கிடந்தது. பம்புக் குழாய்க்குள் துணியை விட்டுத் துடைச்சேன். மஞ்சளாக ஒரு பிசுக்கு வந்தது. மோந்து பார்த்தேன். காறல் நாத்தம், பழைய தலைமுடி எண்ணெய் மாதிரி. என் கையில்தான் அடிக்குது என்று நினைச்சு சோப்புப் போட்டுக் கழுவினேன். அங்கேயே நான் நின்று யோசித்திருக்கணும். யோசிக்கவில்லை.

ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி ஒண்டிக்கடை என்கிற முக்குக்குப் போனேன். அங்கே மிக்சி, குக்கர் ரிப்பேர் பார்க்கிற ஒருத்தர் இருக்கார். சேலத்திலிருந்து வந்து கடை போட்டவர். சாமானைத் துணியிலிருந்து அவிழ்த்துக் காட்டினேன். நொம்ப நேரம் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, ரிசார்ட்டுக்கா? உள்ள பல்பு வெச்சுக் கொடுக்கட்டுங்களா? நாலஞ்சு பேருக்கு அப்பிடித்தான் செஞ்சு கொடுத்தேன்."

"பல்பு வேண்டாங்க. எரியணும்."

"எரிஞ்சு?"

"எரியணுங்க."

அவர் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கவுத்துத் தோல் வாஷர் ஒன்று தேடி எடுத்தார். நிப்பிளும் மேண்டிலும் சேலத்திலிருந்து வாங்கி வந்து தருவதாகச் சொன்னார். வாஷரை எண்ணெயில் ஒரு ராத்திரி ஊற வெச்சுப் போடுங்க, அப்பத்தான் விரிஞ்சு குழாயோடு ஒட்டும் என்றார். சரிங்க என்றேன். என்ன எண்ணெய் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பித்தளையைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். ஒரு நாளில் வரவில்லை. தினமும் வேலை விட்டு வந்து ஒரு கை நீளம் தேய்ப்பேன். பச்சைக் களிம்பு போய்க் கறுப்பு வந்தது. கறுப்பு போய்ச் செம்மண் நிறம் வந்தது. ஐப்பசி முடிகிறபோது டேங்கில் என் மூக்கு தெரிஞ்சது. வளைந்த கம்பியை அம்மிக்கல் மேல் வெச்சு, மேலே துணி சுத்தி, குழவியால் தட்டித் தட்டி நிமிர்த்தினேன். தரையில் உருட்டிப் பார்ப்பேன். எங்கே குதிக்குதோ அங்கே ஒரு தட்டு. விரிசல் கண்ணாடிக்குப் பதில் கண்ணாடி கிடைக்கவில்லை. அதையே துடைச்சு மாட்டினேன்.

எங்க ஊட்டுக்காரர் தாண்டிப் போவார், வருவார். சுளகை மட்டும் மிதிக்காமல் போவார்.

எல்லாம் சேர்ந்தது, எண்ணெய் இல்லை. ரேசனில் சீமெண்ணெய் வந்து நொம்ப நாளாச்சு. கடைக்காரரைக் கேட்டேன், இல்லை. கீழ் லைனில் கேட்டேன், இல்லை. அக்காவைக் கேட்டேன். "கோழிக்குஞ்சுக்கு எதுக்குடி சீமெண்ணெ" என்றாங்க.

மார்கழி பாதியில் ஒரு சாயங்காலம் எங்க ஊட்டுக்காரர் ஒரு கேனைக் கொண்டு வந்து சுளகுப் பக்கத்தில் வெச்சார். மூடியைத் திறந்தால் சீமெண்ணெய் வாசம்.

"பழைய இஞ்சினுக்கு வெச்சிருந்தது" என்றார். "ஆபீஸ் ரைட்டரைக் கேட்டேன்."

அவர் யாரிடமும் ஒன்று கேட்டு நான் பார்த்ததில்லை. சம்பளத்தில் ஒரு நாள் விட்டுப்போனால்கூடக் கேட்கமாட்டார். நான் கேனை எடுத்து உள்ளே வெச்சேன். வெள்ளை வேட்டித் துணியில் நாலு தடவை வடிகட்டினேன். அடியில் துருவும் தண்ணீரும் நின்றது.

முதல் தடவை நான் அவசரப்பட்டேன். டேங்குக்கு மேலே ஒரு சின்னக் கிண்ணம் இருக்கு. அதில் ஸ்பிரிட்டு ஊத்தி எரித்துக் குழாயைச் சூடு பண்ணணும். அது எரிந்து அணைகிற வரைக்கும் பொறுக்காமல் திருகைத் திறந்துவிட்டேன். ஆவியாகாத பச்சை எண்ணெய் பீச்சி, தீ மஞ்சளாக மேலே எழும்பியது. ஒரு பக்கத்துப் புருவம் போச்சு. மேண்டிலும் போச்சு. இருந்தது ரெண்டு மேண்டில். அடுத்த நாள் காப்பிக் காட்டில் அக்கா என் முகத்தைப் பார்த்தாங்க. அன்றைக்கு முழுக்க அவங்க ஒரு வார்த்தை பேசவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டே பறித்தாங்க. பேசியிருந்தால் பரவாயில்லை.

போகி அன்றைக்கு மத்தியானம் வாசலில் நல்ல வெயில். ரெண்டாவது மேண்டிலைக் கட்டினேன். ஸ்பிரிட்டு முழுக்க அணையட்டும் என்று இருந்தேன். பம்பு அடித்தேன். கைக்கு எதிராக உள்ளே காத்து தள்ளியது. திருகைத் திறந்தேன். 'புஸ்' என்றது. மேண்டில் உப்பியது. கறுத்தது, சிவந்தது, அப்புறம் வெள்ளை. வெயிலிலேயே கண் கூசுகிற வெள்ளை. அந்தச் சத்தம் ஒரே சீராக, மழை தூரத்தில் வருகிற மாதிரி.

எங்க ஊட்டுக்காரர் நிலைப்படியில் நின்றார்.

"எரியுது" என்றார்.

"எரியுதுங்க."

உள்ளே போனார். ஆத்தூர் போக எடுத்து வெச்ச பை கட்டில் மேல் இருந்தது. அதிலிருந்து வேட்டியை எடுத்துக் கொடியில் போட்டார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஒரு தடவை எரிந்த மேண்டில் சாம்பல். வடிவம் இருக்கும், பலம் இருக்காது. ஈ உட்கார்ந்தாலும் உதிரும். அணைச்சு, இடம் மாத்தாமல், அப்படியே மேலே ஒரு கூடையைக் கவுத்து வெச்சேன். அன்றைக்கு ராத்திரி நான் நல்லாத் தூங்கினேன்.

தை ஒண்ணு. ஆறு மணி. பனி ஊட்டுக்குள் வந்து நின்றது. எதிர் ஊடு தெரியவில்லை. வாசலில் பத்து ஊட்டுச் சனமும் போர்வையைச் சுத்திக்கொண்டு நின்றது. அக்கா ஊட்டு வாசலில் பொங்கலுக்கு மூணு கல் கூட்டி அடுப்பு எரிந்தது. குளிக்க வெந்நீர் காய்ந்தது. அண்டாவில் தண்ணீர் ஊத்திப் பார்த்தாங்க. ஒழுகவில்லை. ஜமக்காளத்தை விரித்தாங்க. ஒன்பது ஓட்டை. ரெண்டு எலி போட்டது, எங்க வருசத்தில். ஒத்துக்கொண்டேன்.

அப்புறம் லைட்டு. நானே பிடிச்சு ஆடாமல் நடந்து வந்து எங்க வாசல் கல் மேல் வெச்சேன். பித்தளையைப் பார்த்து யாரோ "அட" என்றாங்க. எங்க ஊட்டுக்காரர் கூட்டத்துக்குப் பின்னால், பாதை தொடங்குகிற இடத்தில் நின்றார். நின்றார், அது போதும் எனக்கு.

ஸ்பிரிட்டைக் கொளுத்தினேன். அணைகிற நேரம் பம்பு அடித்தேன்.

ஒன்றுமில்லை. கம்பி உள்ளே போனது, வெளியே வந்தது. காத்தில் குத்துகிற மாதிரி. நேத்து கையை எதிர்த்துத் தள்ளின பம்பு இன்றைக்கு எதிர்க்கவில்லை. இருபது அடித்தேன். முப்பது அடித்தேன். தோளில் வலி வந்தது. சத்தம் போடாமல் எல்லாரும் பார்த்தாங்க. கிண்டல் பண்ணியிருந்தால் நான் இன்னும் அடித்திருப்பேன். அக்கா கிட்டே வந்து என் கையைப் பிடித்தாங்க.

"விடு கண்ணு. போன தடவையும் இப்பிடியேதான வாங்குனேன். வெச்சுட்டுப் போ."

மனசார சொன்னாங்க. அதுதான் தாங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். எங்க ஊட்டுக்காரர் பல்பர் ஹவுஸ் பாதையில் ரெண்டு அடி வெச்சுவிட்டார்.

எனக்கு அழுகை வராது. தலையைக் குனிந்தேன். குனிந்த கண்ணில் பக்கத்து வாசலில் எரிகிற அக்கா ஊட்டு அடுப்பு பட்டது. அடுப்போரம் ஒரு தேங்காய் எண்ணெய் பாட்டில். பேரப்பிள்ளைகளுக்குத் தலையில் வைக்க, இளகட்டும் என்று வெச்சிருந்தாங்க. பாதி இளகியிருந்தது. பாதி வெள்ளையாக, மெழுகு மாதிரி உறைந்திருந்தது.

இந்த மலையில் மார்கழி, தை ரெண்டு மாசமும் எல்லா ஊட்டிலும் அப்படித்தான். தலைக்கு எண்ணெய் வேண்டும் என்றால் பாட்டிலை வெயிலிலோ அடுப்போரமோ வைக்கணும். முப்பது வருசமாக வைக்கிறேன். அந்த எண்ணெயிலேயே தோல் வாஷரையும் ஊற வெச்சேன். மத்தியான வெயிலில் இளகி இருந்தது, எரிந்தது. விடியக்காலைக் குளிரில் உறைந்து தோல் கட்டையாகிப் போச்சு. கட்டை எப்படிக் காத்தைப் பிடிக்கும்?

"அக்கா, ஊட்ல வெளக்கெண்ணெ இருக்குதுங்களா?"

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாங்க.

"இருக்குது. எதுக்கு இப்ப, வவுத்துக்கா?"

அப்போதுதான் கூட்டம் சிரித்தது. சிரிக்கட்டும். விளக்கெண்ணெய் எந்தக் குளிரிலும் உறையாது. அது எனக்குத் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். அக்கா போய்ச் சின்னப் பாட்டில் ஒன்றைக் கொண்டு வந்தாங்க. லைட்டை அசைக்காமல் பம்புக் கம்பியை மட்டும் திருகி உருவினேன். அக்கா அடுப்பில் காய்ந்த வெந்நீரில் நுனியை முக்கினேன். வெள்ளையாக மிதந்து வந்தது. சீலைத் தலைப்பில் துடைச்சேன். வாஷர் விரலுக்கு வளைந்தது. விளக்கெண்ணெயைத் தடவினேன். குழாய்க்குள் வெந்நீரில் நனைச்ச துணியை விட்டுத் துடைச்சேன்.

பக்கத்தில் யாரோ குத்தவைத்து உட்கார்ந்தாங்க. எங்க ஊட்டுக்காரர். துணியை வாங்கி மோந்து பார்த்தார்.

"தேங்காண்ணெயா போட்ட?"

"ஆமாங்க."

துணியை மடிச்சுக் கல் மேல் வெச்சார்.

"நானும் அதுதான் போட்டேன். மாசாமாசம் போட்டேன்."

எனக்கு அந்தக் காறல் நாத்தம் நினைவு வந்தது. மத்த ஊட்டுக்காரங்க உறையாத சீமெண்ணெயையே ரெண்டு சொட்டு விடுவாங்க. அதனால் எந்த மாசமும் எரிந்தது. எங்க ஊட்டுக்காரர் மட்டும் தேங்காண்ணெயைத் தவறாமல் பார்த்துப் பார்த்துப் போட்டார். மார்கழியில் உறைந்துவிட்டது.

கம்பியை என் கையிலிருந்து வாங்கி அவரே பூட்டினார். ஸ்பிரிட்டு இன்னொரு தடவைக்கு மட்டும் இருந்தது. ஊத்தினேன். நீலத் தீ அடங்குகிற வரைக்கும் நான் விரலைக் காட்டி அவரைப் பொறுக்கச் சொன்னேன். அப்புறம் அவர் அடித்தார். மூணாவது அடியிலேயே காத்து எதிர்த்து அவர் தோளைத் தள்ளுவது தெரிந்தது. எனக்கு அது போதும். திருகைத் திறந்தேன்.

சாம்பல் மேண்டில் உதிரவில்லை. வெள்ளையாகப் பிடித்தது. பனி சுத்திலும் பால் மாதிரி ஆச்சு. எல்லார் முகமும் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அக்கா முகமும் தெரிந்தது. அவங்க லைட்டைப் பார்க்கவில்லை. பெரியவரைக் கிடத்தியிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாங்க.

எங்க ஊட்டுக்காரர் எழுந்தார். பத்து வருசமாகக் கூட்டத்தில் அவர் பேசிக் கேட்டதில்லை.

"எங்க ஊட்லதான் கெட்டுது" என்றார். "நான்தான் கெடுத்தேன். தேங்காண்ணெ போட்டுக் கெடுத்தேன். இன்னைக்கு எங்க ஊட்லயே சரியாச்சு."

அக்காதான் முதலில் சொன்னாங்க, மாமா இருந்திருந்தால் அவரும் அதைத்தான் போட்டிருப்பார், நானும் போட்டிருப்பேன் என்று. அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சும்மா நிக்காதீங்க, தூக்கிட்டு வாங்க, பானை வெக்கோணும்" என்றாங்க.

அவர் தூக்கினார். பிடியில் பிடிச்சு, கையை நீட்டி, மெதுவாக. எங்க வாசலிலிருந்து அவங்க வாசலுக்குப் பன்னிரண்டு அடி. அதுக்குள் கிழக்கே வெளுத்துவிட்டது. வெளிச்சம் தேவையில்லை. ஆனால் அணைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பால் பொங்குகிற வரைக்கும் எரிந்தது. நான் செய்த வேலையை நான் நின்று பார்த்தேன். என் ஆயுசில் நான் பறிச்ச பழம் எவ்வளவோ. எதையும் அப்படி நின்று பார்த்ததில்லை.

அணைச்சு ஆறினதுக்கப்புறம் விளக்கெண்ணெய்ப் பாட்டிலை ஒரு கயிற்றில் லைட்டுப் பிடியோடு கட்டினேன். இனி எந்த ஊட்டுக்குப் போனாலும் அது கூடவே போகணும் என்று எல்லாரிடமும் சொன்னேன். சரி என்றாங்க. பொதுச் சாமான் இனி நாலு என்று யாரோ எண்ணினாங்க.

"பாட்டில் என்னோடது" என்றாங்க அக்கா. "கை மாத்துறப்ப அதையும் சொல்லிக் கொடுங்க."